பெட்டியின் மேல் எழுதிய பெயர்

துபாயில் எங்கள் அலுவலக ஸ்டோர் ரூமில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி எப்போதும் பாதி நிறைந்த நிலையில் கிடக்கும். கணக்குப் பிரிவில் இருக்கும் பிலிப்பைன்ஸ் அம்மாவுடையது. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு பாலிக்பாயன் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கார்ன்ட் பீஃப் டின், பற்பசை, ஷாம்பு, டேங்க் பவுடர், சாக்லேட், யாரோ ஒரு அக்கா மகனுக்கு ஷூ என்று சம்பளம் வந்த வாரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நிறைந்ததும் கப்பலில் ஊருக்குப் போகும். ஒரு நாள் மாலை, பெட்டியை மூட ஒரு கை பிடிக்கச் சொன்னார். நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் பிரவுன் டேப்பை இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு தடித்த மார்க்கரை எடுத்து ஒவ்வொரு பக்கமாக ஒரே வார்த்தையைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். லக்சமானா. எட்டு வருஷமாகப் பக்கத்து மேஜை, அன்றைக்குத்தான் அவருடைய குடும்பப் பெயரைப் படிக்கிறேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஆத்தே. அவர்கள் மொழியில் அக்கா.

“ஆத்தே, இது எங்கள் பெயர்” என்றேன்.

“உங்கள் பெயரா?”

“ராமாயணத்தில் ராமனுக்கு ஒரு தம்பி உண்டு, லட்சுமணன். அவன் பெயர்தான் இது. உங்கள் பாட்டன் பூட்டன் யாராவது இந்தியாவிலிருந்து வந்திருப்பார்.”

அவர் கடைசிப் பக்கத்தையும் எழுதி முடித்துவிட்டு மார்க்கருக்கு மூடி போட்டார். “எங்கள் நாட்டில் எல்லாமே ஸ்பானியப் பெயர்தான் சார். சரி, உங்கள் சர்நேம் என்ன?”

“அது என் அப்பா பெயர். எங்களுக்கு சர்நேம் கிடையாது.”

“உங்களுக்கென்று ஒன்று இல்லை. அதனால் என்னுடையதைக் கேட்கிறீர்கள்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்போது மெட்ரோவில் அந்தச் சிரிப்பு வற்றிவிட்டது. அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும், அந்தப் பெயர் ஸ்பானியம் இல்லை. ஆனால் என்னை உறுத்தியது அது இல்லை. ஒரு பெயரைப் பார்த்த மாத்திரத்தில் ‘எங்களுடையது’ என்று கை வைத்தேனே, அந்த அவசரம்தான். இத்தனைக்கும் என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துகொண்டதால், அலுவலகத்தில் எல்லோரும் மிஸ்டர் பழனிச்சாமி என்று என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் இருக்கும் மனிதருக்கு பதிலாக நான் திரும்பிப் பார்க்கிறேன். பெயர் விஷயத்தில் நான் யாருக்கும் பாடம் எடுக்கும் நிலையில் இல்லை.

இதற்கு முன்பே ஒரு முறை சூடு பட்டிருக்கிறேன். ஆத்தேயின் ஊர் மணிலாவுக்கு வடக்கே பம்பாங்கா மாகாணம். அங்கே பேசுவது கப்பம்பாங்கன், தகாலோக் இல்லை. அவர் போனில் தன் அக்காவிடம் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை ‘ஆச்சி, ஆச்சி’ என்பார். செட்டிநாட்டுப் பக்கம் தவிர வேறு எங்கும் கேட்டிராத சொல், பிலிப்பைன்ஸ்காரர் வாயில்! அன்றைக்கே ஊருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பிவிட்டேன். அப்புறம் பார்த்தால் அது சீனச் சொல். தென்சீனத்து ஹொக்கியன் வணிகர்கள் கொண்டுவந்து கொடுத்த ‘அக்கா’. தகாலோக்கின் ஆத்தேயும் அதே வழியில் வந்ததுதான். நம் ஆச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காது சொல்வதை நம்பினால் இப்படித்தான். ஆனால் லக்சமானா விஷயத்தில் காது சரியாகத்தான் சொன்னது. அதனால்தான் அதை அவ்வளவு சுலபமாக விடமுடியவில்லை.

ஏடு கிழித்துக் கொடுத்த பெயர்கள்

எல்லாமே ஸ்பானியப் பெயர்தான் என்று ஆத்தே சொன்னதற்குக் காரணம் ஒரு மனிதர். நர்சிசோ கிளாவெரியா, 1844 முதல் 1849 வரை பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர். ஒழுங்கு என்றால் இவருக்கு உயிர். ஸ்பானியர்கள் மெக்சிகோ வழியாக மேற்கே மேற்கே என்று வந்து சேர்ந்ததால், அந்தத் தீவுகளின் தேதி ஆசியாவின் மற்ற இடங்களைவிட ஒரு நாள் பின்தங்கியிருந்தது. வந்த வருஷமே இவர் அதைச் சரிசெய்தார். 1844 டிசம்பர் 30க்கு அடுத்த நாள் 1845 ஜனவரி 1. டிசம்பர் 31 அந்த நாட்டில் நடக்கவே இல்லை. காலண்டரில் ஒரு நாளையே தூக்கியவருக்கு மக்களின் பெயர்கள் எம்மாத்திரம்? 1849 நவம்பர் 21ஆம் தேதி ஆணை பிறந்தது. இந்தத் தீவுகளின் மக்களுக்கு ஒழுங்கான குடும்பப் பெயர் கிடையாது, ஞானஸ்நானத்தில் கிடைத்த புனிதர் பெயரையே ஆளாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள், ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர் தம்பிக்கு ஒரு பெயர், இதில் வரி வசூலிப்பது எப்படி, ஊரை விட்டு ஓடினவனைப் பிடிப்பது எப்படி என்பது அவர் கவலை.

அதற்காக மணிலாவில் ஒரு பட்டியல் அச்சானது. அகரவரிசையில் 60,000க்கும் மேற்பட்ட பெயர்கள். மாகாணத்துக்கு இத்தனை ஏடு என்று பிரித்து அனுப்ப, மாகாண அதிகாரிகள் அதை ஊர்களுக்குப் பங்கு போட்டார்கள். பாதிரியார், ஊர்த்தலைவர், பெரிய மனிதர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, குடும்பத்துக்கு ஒன்றாகப் பெயரை ஒதுக்கினார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள்கூடப் பிள்ளைகளைப் பதிவேட்டில் இருக்கும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று ஆணையிலேயே இருந்தது. சில ஊர்களுக்கு ஒரே எழுத்தின் ஏடுகள் மட்டும் போய்ச் சேர்ந்தன. அல்பாய் மாகாணத்து ஓவாஸ் என்ற ஊரில் இன்றும் பழைய குடும்பங்களின் பெயர் ‘ர’வில் தொடங்கும். ரோம்ப்லோன் பக்கம் பன்டோன் என்று ஒரு குட்டித் தீவு, அங்கே ‘ஃப’. ஒரு பெயர் நாடு முழுக்கத் தேடினாலும் அபூர்வமாக இருக்கும், ஆனால் ஏதோ ஒரு ஊரில் தெருவுக்கு நாலு வீடு அதே பெயராக இருக்கும். பிலிப்பைன்ஸில் அரிய குடும்பப் பெயர் என்றால் பெரும்பாலும் அதற்கு அர்த்தம் இதுதான்: அந்த ஏடு எங்கே போனது என்பது.

இதில் இரண்டு வேடிக்கை. ஒன்று, பட்டியல் முழுக்க ஸ்பானியப் பெயர் இல்லை. ஊர்ச் சொற்கள், செடி கொடி, குணம், தொழில் என்று கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்டிருந்தார்கள். இரண்டாவது, ‘தெ லா குரூஸ்’ மாதிரிப் பெயர்கள் ஏற்கெனவே குழப்பம் பண்ணுகின்றன, அவை வேண்டாம் என்று கிளாவெரியா குறிப்பிட்டே சொல்லியிருந்தார். இன்று அந்த நாட்டிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் பெயர் அதுதான். அரசாங்க ஆணை என்றால் எல்லா ஊரிலும் ஒரே மரியாதைதான் போலிருக்கிறது.

ஆணையில் ஒரு விலக்கும் உண்டு. நாலு தலைமுறையாக ஒரு பெயரைக் காப்பாற்றி வந்த குடும்பம், பட்டியலைத் தொடாமல் அதையே வைத்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்லிக் காட்டக்கூடியவர்கள் பழைய தலைவர் குடும்பங்கள்தான். பம்பாங்காவில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. மகபகால், மனலஸ்தாஸ், பங்கிலினான், தயாக், லக்சமானா என்று ஸ்பானிய வாடையே இல்லாத பெயர்கள் அங்கே சரளமாகப் புழங்குகின்றன. ஸ்பானியம் கலந்தது எழுத்தில் மட்டும்தான். ‘க’ ஒலிக்கு ‘சி’ எழுத்தைப் போட்டு, ‘க்ச’வுக்குச் சில குடும்பங்களில் ‘எக்ஸ்’, சில குடும்பங்களில் ‘சி’யும் ‘எஸ்’ஸும். ஆத்தேயின் குடும்பத்திலேயே தாத்தா ஒரு மாதிரி, அப்பா ஒரு மாதிரி.

நெல் வயலில் ஒரு கடற்படைத் தளபதி

சரி, லட்சுமணன் அங்கே எப்படிப் போனான்? நேராகப் போகவில்லை. மலாய் மொழியில் லக்சமானா என்றால் கடற்படைத் தளபதி. மலாக்கா சுல்தான்களின் அரசவையில் பெண்டஹாரா, தெமெங்கொங், லக்சமானா என்று பதவிகள் இருந்தன. பெண்டஹாரா என்பது நம் பண்டாரம், பண்டகசாலையோடு ஒரே வேரில் பிறந்தது. அண்ணனை விட்டு நகராத தம்பி என்பதால் அரசனின் காவல் தளபதிக்கு அந்தப் பெயர் பொருத்தமாகப் பட்டிருக்கலாம். மலாக்காவின் ஹங் துவா ஒரு லக்சமானா. ஆச்சே நாட்டில் போர்ச்சுகீசியரையும் டச்சுக்காரரையும் கடலில் எதிர்த்த மலஹயாதி என்ற பெண்ணும் லக்சமானாதான். இன்றைக்கும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அட்மிரலை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது ராமாயணத்துத் தம்பி இல்லை, ஒரு உத்தியோகப் பட்டம். மணியக்காரர், தேசாய் என்பதெல்லாம் குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்வது மாதிரி ஒட்டிக்கொண்ட ஒன்று.

இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆத்தேயிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: “எங்கள் வீட்டில் யாரும் படகில் ஏறினதே இல்லை சார். நெல் விவசாயம். எங்கள் ஊரில் கடலே கிடையாது. பிறகு எப்படித் தளபதி?”

நியாயமான கேள்வி. அவருடைய ஊர் பகோலோர். உள்நாட்டு ஊர். கடலை விட அந்த ஊருக்குத் தெரிந்தது சேறுதான். 1991 ஜூன் 15ஆம் தேதி பினதுபோ எரிமலை வெடித்தது. சாம்பலோடு முடியவில்லை. அதற்கடுத்த மழைக்காலங்களில் மலைச்சரிவில் தங்கிய சாம்பல் சேறாக உருண்டு வந்துகொண்டே இருந்தது. 1995 அக்டோபர் 1ஆம் தேதி வந்த சேற்றில் பகோலோர் புதைந்தது. அங்கே சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. மேலே இருந்த ஜன்னல்கள் வழியாகத்தான் இப்போது உள்ளே போகிறார்கள். ஆத்தே போனில் படம் காட்டினார். கதவாகிப்போன ஜன்னலுக்கு முன்னால் அவரும் அக்காவும் நிற்கிறார்கள், நிலைப்படி வளைவு தலைக்கு மேல் ஒரு சாண்தான். தாத்தாவின் கல்லறை எங்கேயோ அவர்கள் காலுக்குக் கீழே. ஊர் கலைந்தபோது பெயரும் கலைந்தது. ஒரு சித்தப்பா தார்லாக், ஒரு அத்தை நுவேவா எசிகா, இரண்டு பேர் மணிலா, ஒருவர் கலிபோர்னியா, இவர் துபாய். ஒரு மாகாணத்துக்குள் அடங்கியிருந்த பெயர் இப்படித்தான் வெளிநாட்டு டெலிபோன் பட்டியல்களில் முளைக்கிறது.

ஆனால் கடல் இல்லாமல் இல்லை. பம்பாங்கா என்ற பெயரே ‘பம்பாங்’, அதாவது ஆற்றங்கரை என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த ஆறு மணிலா விரிகுடாவில் போய் விழுகிறது. ஸ்பானியர்கள் 1571இல் மணிலாவைப் பிடித்தபோது, பணிய மாட்டோம் என்று போர்ப்படகுகளோடு ஆற்றில் இறங்கி வந்தவர்கள் பம்பாங்காவின் மகபேபே ஊர்க்காரர்கள். பங்குசாய் கால்வாயில் நடந்த சண்டையில் தோற்றார்கள், தலைவன் செத்தான். அதற்கும் ஐம்பது வருஷம் முன்னால், 1521இல், மகெல்லன் செத்த பிறகு மிஞ்சிய அவருடைய ஆட்கள் புருனை அருகே ஒரு கடற்படைத் தளபதியைப் பிடித்தார்கள். அவர் புருனை சுல்தானுக்காகக் கப்பல்களை நடத்தியவர், ஆனால் மணிலா இருக்கும் லூசோன் தீவின் அரசன் மகன். பிற்காலத்தில் மணிலாவை ஆண்ட ராஜா மதாந்தா அவர்தான். லூசோனுக்கும் மலாய்த் துறைமுகங்களுக்கும் இடையே ஆள் போவதும் பட்டம் வருவதும் அன்றாட விஷயமாக இருந்த காலம் அது. நெல் வயலில் நிற்கும் லக்சமானா அவ்வளவு விநோதம் இல்லை என்று சொன்னேன். ஆத்தே இதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தளபதி” என்று ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சான்டோஸ்

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ‘உங்கள் பாட்டன் யாராவது இந்தியாவிலிருந்து வந்திருப்பார்’ என்று நான் விட்ட வார்த்தை பாக்கி இருந்தது. அப்படி யாராவது உண்மையிலேயே வந்தார்களா என்று தேடியபோதுதான் கதை தலைகீழானது.

வந்தார்கள். அதுவும் நம் சென்னையிலிருந்து. 1762இல் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை. மணிலாவைப் பிடிக்க வில்லியம் டிரேப்பர் தலைமையில் படை கிளம்பியது சென்னைத் துறைமுகத்திலிருந்து. வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு நூற்றுக்கணக்கில் மதராஸ் சிப்பாய்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. ஸ்பானியத் தரப்பில் சிமோன் தெ அந்தா என்பவர் நகரத்தை விட்டு வெளியேறி எதிர்ப்பைத் தொடர்ந்தார். அவர் தலைநகரமாக வைத்துக்கொண்ட ஊர் எது தெரியுமா? பகோலோர். ஆத்தேயின் ஊர். 1764இல் ஆங்கிலேயர் மணிலாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஏறவில்லை. படையை விட்டுப் பிரிந்து மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கேயே பெண் எடுத்து, பிள்ளை பெற்று, ஊரோடு ஊராகக் கரைந்தார்கள். கைந்தாவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் அவர்கள் வம்சம் இன்றும் இருக்கிறது. நிறத்திலும் முக ஜாடையிலும் அந்த நாட்டுக்காரர்களே அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

பெயரில் மட்டும் இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் கிளாவெரியாவின் ஏடு வந்துவிட்டது. முனியனோ வெங்கடசாமியோ எவனாக இருந்தாலும், அவன் வாரிசு ஞானஸ்நானப் பெயரும் ஸ்பானியக் குடும்பப் பெயருமாகப் பதிவேட்டில் ஏறியவன்தான்.

இதை ஆத்தேயிடம் சொன்னபோது அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். யோசித்தார். “அப்படியென்றால் இந்தியப் பெயர் வைத்திருக்கும் என்னிடம் இந்திய ரத்தம் இல்லை. ஸ்பானியப் பெயர் வைத்திருப்பவரிடம் இருக்கலாம். அப்படித்தானே?” என்றார். தலையாட்டினேன். அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார். வண்டிச் சாவியை விரலில் சுற்றியபடி எங்கள் டிரைவர் சான்டோஸ் நின்றுகொண்டிருந்தார். “அவர் ஊர் கைந்தா. போய் அவர் பெட்டியைக் கட்டிக் கொடுங்கள்.”

சான்டோஸோடு நான் தினமும் வண்டியில் போகிறேன். நல்ல கறுப்பு, சுருள் முடி, என் சின்ன மாமா சாயல் என்று ஒருமுறை நானே மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவருடைய பெயரைப் பற்றி, ஊரைப் பற்றி, பாட்டனைப் பற்றிக் கேட்கத் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை? பெயர் சான்டோஸ் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். அவர் அந்த வம்சமா இல்லையா என்பது வேறு. கைந்தாவில் பிறந்தவர்களெல்லாம் சிப்பாய் வம்சம் என்று கிளம்பினால் மறுபடியும் ஆச்சி கதைதான். நான் சொல்ல வருவது அதில்லை. எட்டு வருஷம் ஒருவரின் முகத்தைப் பார்க்காமல், இன்னொருவரின் அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடினேன்.

அப்புறம் இன்னொன்று. ராமாயணம் அந்த நாட்டுக்குப் போகாமல் இல்லை. தெற்கே மின்டனாவோவின் மரனாவ் மக்களிடம் ‘மஹாராதியா லவானா’ என்று ஒரு கதை இருக்கிறது. 1960களின் கடைசியில் அதை வெளி உலகத்துக்குக் கொண்டுவந்த ஹுவான் பிரான்சிஸ்கோ சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். லவானா நம் ராவணன், தலை எட்டு. ராமன் ஸ்தானத்தில் மங்காந்திரி, தம்பி ஸ்தானத்தில் மங்கவர்ணா. லக்சமானா என்ற பெயரும் உண்டு, ஆனால் தம்பிக்கு இல்லை. மங்காந்திரியின் மகனாகக் குரங்கு வடிவத்தில் பிறந்து, நம் கதையில் அனுமன் செய்வதையெல்லாம் செய்பவன்தான் அங்கே லக்சமானா. ஆத்தேயிடம் ‘ராமனின் தம்பி’ என்று அடித்துச் சொன்னேனே, அவர் நாட்டு ராமாயணத்தின்படி அதுவும் தப்பு. இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “தளபதியே இருக்கட்டும் சார், குரங்கு வேண்டாம்.”

போன மாதம் அடுத்த பெட்டி நிறைந்தது. இந்த முறை மூடியைப் பிடிக்க நானும் சான்டோஸும். ஆத்தே வழக்கம்போல மேலேயும் பக்கவாட்டிலும் எழுதிவிட்டு மார்க்கரை என்னிடம் நீட்டினார். “அடிப்பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் எழுத்தில் எழுதுங்கள், அக்கா மகன் பார்க்கட்டும்.” சான்டோஸ் பெட்டியைச் சாய்த்துப் பிடித்தார். ‘ல’ எழுதினேன். அடுத்து ‘ட்’ போட்டால் லட்சுமணன் ஆகிவிடும். கை ஒரு நொடி நின்றது. ‘க்’ போட்டு லக்சமானா என்று முடித்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். ஐந்து. “எங்களுடையதைவிடச் சின்னது” என்று சொல்லிவிட்டு, அதன் மேலேயே டேப்பை ஒட்டினார்.